எச்சில் பத்து

ஜூன் 24

இன்று யாரும் துப்பவில்லை.

ஜூன் 26

இந்தப் பாளையங்கோட்டையில் எங்கே பார்த்தாலும் துப்புகிறார்கள். பஸ் ஜன்னலிலிருந்து துப்புகிறார்கள், மாடிப்படி மூலையில் துப்புகிறார்கள், "இங்கே துப்பாதீர்கள்" என்று எழுதியிருக்கும் சுவரைத் தேடிப் போய்த் துப்புகிறார்கள். சுத்தமான மூடி போட்ட டப்பாவைக் கையில் கொடுத்து "தயவுசெய்து இதில் துப்புங்கள்" என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் வெட்கம் வந்துவிடுகிறது.

என் ஆராய்ச்சி ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. நோய்நொடி இல்லாத பெரியவர்களின் வாயில் என்னென்ன ஈஸ்ட் வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து மில்லி உப்புக் கரைசலை வாயில் விட்டு, ஒரு நிமிடம் கொப்புளித்து, டப்பாவில் துப்பினால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்று என் வழிகாட்டி பியூலா மேடம் சொன்னதால், "உங்கள் வாயில் வாழும் காளான் வகை உயிரிகள்" என்று நானே எழுதி வைத்தேன். தபால் அலுவலக கிளார்க் அதைப் படித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"காளானா? எங்க வீட்டுல காளானே சேக்கமாட்டோம்மா. சுத்த சைவம்."

இப்படியே போனால் என் சொந்தக்காரர்களின் வாயை மட்டும் வைத்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டியதுதான்.

ஜூன் 29

ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். பெயர் குற்றாலநாதன். அம்மா மட்டும்தான், அப்பா இல்லை.

எனக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது என்பதை அம்மா காலண்டரைவிடச் சரியாக நினைவூட்டுகிறாள். போன தடவை வந்தவர்கள் கேசரியை வாயில் போடும் நேரம் பார்த்து என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள். நானும் விளக்கமாகச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைத்தவர்தான், அப்புறம் எடுக்கவே இல்லை.

"ஏட்டி வடிவு, இந்தத் தடவையாவது வாயத் தொறக்காத. பேராசிரியர் வேலைக்குப் படிக்கேன்னு மட்டும் சொல்லு. எச்சிலு கிச்சிலுன்னு சொன்னே, இருக்கு ஒனக்கு."

சரி என்றேன். எனக்கும் இதில் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை.

ஜூலை 2

சிரித்துச் சிரித்து இன்னும் விலா வலிக்கிறது. ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

வந்தார்கள். இளநீலச் சட்டை. காதோரம் நாலு நரை. அவருடைய அம்மா பிரமநாயகி அம்மாள் வீட்டிலிருந்தே செம்பில் தண்ணீர் கொண்டு வந்திருந்தார். எங்கள் டம்ளரைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கிணற்றடியைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அப்பாவும் மாப்பிள்ளையும் நானும் மட்டும் இருந்தோம். "என்ன ஆராய்ச்சி பண்ணுதீங்க?" என்று கேட்டார். அம்மாதான் இல்லையே. சொல்லிவிட்டேன். ஈஸ்ட், வாய், எச்சில், எல்லாம்.

முகம் சுளிப்பார் என்று பார்த்தால், "அப்ப என் வாயிலயும் இருக்குமா?" என்றார்.

"பார்த்தால்தான் தெரியும்."

"பாருங்களேன்."

பையில் கரைசல் இருந்தது. சின்னக் கப்பில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினேன். "இதை வாயில் விட்டு..." என்று நான் தொடங்குவதற்குள் அவர் அண்ணாந்து மடக்கென்று விழுங்கிவிட்டார். பெண் வீட்டில் பெண் கையால் கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கப்பை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, என்னைப் புண்படுத்தாத குரலில் சொன்னார்: "நல்லா இருக்கு. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல்."

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தக்கூட இல்லை. விஷயம் புரிந்ததும் அவரும் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பயப்படாதீங்க, வெறும் உப்புத் தண்ணிதான்" என்றேன். "துப்பணும்னு சொல்லிருந்தா துப்பிருப்பேன்" என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பின்பக்கத்திலிருந்து இரண்டு அம்மாக்களும் ஓடி வந்தார்கள்.

ஜூலை 5

பிரமநாயகி அம்மாள் போன் பண்ணினார். அம்மா ஒலிபெருக்கியில் போட்டாள். நான் அடுக்களையில் நின்று கேட்டேன்.

"எம் மவனுக்குப் புடிச்சிருக்கு. எனக்கும் பொண்ணு லெச்சணந்தான். ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுல எச்சில் பத்து பாக்கிற வழக்கம். ஊரு எச்சில அளையுத கையி எங்க அடுக்களைக்குள்ள வந்தா சரிப்படாது. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேல வேண்டாம். இப்ப ஒடனே சொல்லாண்டாம். ஆடி பொறக்கப் போவுது. ஆவணில சொல்லுங்க."

"மாப்பிள்ளயும் அப்படித்தான் சொல்லுதாகளா?" என்று அம்மா கேட்டாள்.

"அவன்ட்ட நான் இன்னும் பேசல. பக்குவமா சொல்லிக்கிடுதேன்."

எச்சில் பத்து என்றால் எனக்குத் தெரியாதா? வாய் வைத்த டம்ளரை இன்னொருவர் தொடக் கூடாது. சோற்றுப் பாத்திரத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிரைத் தொடக் கூடாது. அவருக்கு எச்சில் பத்து. எனக்கு எச்சில் பத்து மில்லி. எங்கே ஒத்துப்போகும்?

இப்போதே முடியாது என்று சொல்லிவிடு என்றேன். "ஆவணி வரைக்கும் டைம் குடுத்திருக்காவ. அதுக்குள்ள யோசி" என்றாள் அம்மா. யோசிக்க என்ன இருக்கிறது? வேலையை விடமாட்டேன். நாலு வருடம் இதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நல்ல மனிதர்தான். அதற்காக?

ஜூலை 8

ஈஸ்ட் வளர்க்கும் அகார் தயாரித்துத் தட்டுகளில் ஊற்றினேன். இன்குபேட்டர் கதவு சரியாக மூடவில்லை, ஆள் வந்து பார்த்தார். சாயங்காலம் மழை.

குற்றாலநாதன் என்பது ரொம்ப நீளமான பெயர். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். நிம்மதி என்று நினைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனால், வாசலில் அவர் நிற்கிறார். கூட அவருடைய பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர்.

"ஆடில பொண்ணு வீட்டுக்குத்தான் போகக் கூடாது. காலேஜுக்கு வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றார். "அன்னைக்குக் குடிச்சதுக்குப் பதிலா ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து கொப்புளித்தார்கள். ஒரு நிமிடம் ஆனதும் மணி அடிக்கும் சின்னக் கடிகாரம் வைத்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் தமிழாசிரியர் ஒருவர் பேசாமல் இருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, கண் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் இரண்டாவது தடவையும் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். "ஒரு தடவை போதாதா?" என்று கூட வந்தவர் கேட்டார். இவர் "விதின்னா விதிதான் சார்" என்றார்.

தன் அம்மாவின் நிபந்தனை இவருக்கு இன்னும் தெரியாது என்று பார்த்தாலே தெரிகிறது. நான் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை.

ஜூலை 19

அவர் தட்டில் பச்சை.

என் அகாரில் ஒவ்வொரு வகை ஈஸ்டும் ஒவ்வொரு நிறத்தில் வளரும். பச்சைதான் அதிகம் வருவது, விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வட்டம் வட்டமாக, ஒன்றோடு ஒன்று இடிக்காமல், அளவாக வளர்ந்திருந்தது. பியூலா மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தட்டையே எவ்வளவு நேரம் பார்ப்பே?" என்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22

முடிவு கேட்க வந்தார். பச்சை என்றேன். நோயா என்றார். இல்லை, நல்ல ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாயில் ஏதாவது ஒரு ஈஸ்ட் இருக்கும், உடம்பு சரியாக இருக்கும்வரை அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும் என்று சொன்னேன்.

படிவத்தை எடுத்துப் படித்தார். காளான் என்ற இடம் வந்ததும் திருத்தப் பேனாவை எடுத்துவிட்டார்.

"காளான்னு போட்டா யாரு வருவா? இப்ப நீங்க சொன்னீங்கல்ல, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும்னு. அதையே எழுதுங்க. குடியிருக்குன்னு எழுதுங்க."

இப்போது படிவம் இப்படி இருக்கிறது: "உங்களுக்குத் தெரியாமலும் தொல்லை தராமலும் உங்கள் வாயில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பார்க்க விரும்புகிறோம்."

ஜூலை 27

கூட்டம் தாங்கவில்லை! ஒரே ஒரு சொல்லை மாற்றினோம், அவ்வளவுதான். தபால் அலுவலக கிளார்க் அவராகவே வந்தார். "நம்ம எடத்துல குடியிருக்கது யாருன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே கொப்புளித்தார். டீக்கடைக்காரர் தன் தம்பியையும் மச்சானையும் அனுப்பினார். வாடகை எப்படி வசூலிப்பது என்று எல்லோரும் ஒரே நகைச்சுவையைச் சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் தட்டில் ஒன்றும் வளரவில்லை. அவருடைய தம்பிக்குப் பச்சையும் நீலமும் வந்திருக்கிறது.

"அதெப்படி? எந் தம்பிக்கு இருக்கு, எனக்கு இல்லியா? நல்லாப் பாத்தீங்களா? நான் அவன விட எட்டு வயசு மூத்தவன்."

இல்லாமல் இருப்பதும் நல்லதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். சமாதானமாகவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக் கொடுத்தாள். டப்பா வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவர் இன்று கணக்கு வாத்தியாரையும் சத்துணவு அமைப்பாளரையும் கூட்டி வந்திருந்தார். அவர்கள் போன பிறகு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் டப்பா மூடியில் வைத்துச் சாப்பிட்டார். யாப்பிலக்கணம் நடத்தும்போது பையன்கள் தூங்குவதைப் பற்றிச் சொன்னார். எனக்குச் சிரிப்பில் புரையேறியது.

நிபந்தனையை இன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தன் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நிற்க வேண்டி வரும். அதைவிட, சொன்னால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 9

எல்லாம் போயிற்று.

காலையில் ஆய்வுக்கூட வாசலில் பிரமநாயகி அம்மாள். தனியாக, தென்காசி பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் அதே செம்பு.

"நீ செய்யுதது என்னன்னு ஒருதரம் எங் கண்ணால பாக்கணும்னு வந்தேன்."

உள்ளே வருவதானால் செருப்பை வெளியே விட வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்றேன். புருவத்தைத் தூக்கினார். ஆனால் முழங்கை வரை கழுவினார். "நீங்களும் கொப்புளிச்சுக் குடுங்களேன்" என்று ஏதோ தைரியத்தில் கேட்டேன்.

"எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது. அம்பத்தெட்டு வயசுவர பத்து பாக்குதவ நான். வேணும்னா பாரு." மணி அடிக்கும்வரை கொப்புளித்து, பக்கத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் துப்பிக் கொடுத்தார். இவ்வளவு நாளில் இவ்வளவு சுத்தமாகத் துப்பியவர் யாரும் இல்லை.

பிறகு நான் தட்டுகளில் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்தார். ஈஸ்டை எடுக்கும் கம்பியைத் தீயில் சுட்டு, ஆறவிட்டு, ஒரு தட்டைத் தொட்டு, இன்னொன்றில் இழுத்து, மறுபடி சுட்டு. நான் வேலையில் மூழ்கிவிட்டேன். ஏற்கெனவே வளர்ந்திருந்த தட்டு ஒன்று திறந்திருந்தது. "இது என்னது பச்சப் பசேர்னு" என்று ஒரு கை என் தோளுக்கு மேலாக அதை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!"

கத்திவிட்டேன். நிறுத்தவும் இல்லை. "தொட்டா எல்லாம் போச்சு! தள்ளி நில்லுங்க! மேல படக் கூடாது, இதுக்கு மேல மூச்சுக்கூட விடக் கூடாது!"

ஆய்வுக்கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிரமநாயகி அம்மாள் இரண்டடி பின்னால் போனார். நீட்டிய கையைப் பார்த்தார். தீயைப் பார்த்தார்.

"அந்தக் கம்பிய எப்ப எப்ப சுடுவ?"

"ஒவ்வொரு தடவையும்."

"ஒண்ணத் தொட்டுட்டு அப்படியே அடுத்ததத் தொடமாட்டியா?"

"மாட்டேன்."

"ம்" என்றார். தொடாத கையை மறுபடி போய்க் கழுவினார். காப்பி வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். போய்விட்டார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "வருங்கால மாமியாரப் பாத்து மூச்சு விடாதீங்கன்னு சொன்ன பொண்ணு இந்த ஜில்லாவுலேயே நீ ஒருத்திதாம்டி" என்று அப்பா சொன்னார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது.

ஆகஸ்ட் 10

கழுவிய கண்ணாடிக் குப்பிகளையே மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 12

பிரமநாயகி அம்மாளின் தட்டில் பச்சை, நீலம், ரோஸ். மூன்று வகை! இந்த ஆராய்ச்சியிலேயே இப்படி ஜேஜே என்று குடியிருக்கும் வாய் இதுதான். பியூலா மேடம் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் அவரே போன் பண்ணினார். "எந் தட்டு என்னாச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். முடியவில்லை. "மூணு நிறம் வந்திருக்கும்மா" என்றேன். நோய் இல்லை, பல்லும் நாக்கும் நன்றாக இருக்கிறது, இது எந்த வீட்டிலும் யாருக்கும் இருக்கும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"அப்ப நான் இத்தன வருசம் பாத்த பத்தெல்லாம்?"

"பத்துன்னா என்னன்னு அதுகளுக்குத் தெரியாதும்மா."

பிறகு குரலைத் தணித்து, "யாருகிட்டயும் சொல்லிராத. எம் மவன்ட்டக் கூட" என்றார்.

"சொல்லக் கூடாதும்மா. அவங்கவங்க முடிவு அவங்கவங்களுக்கு மட்டுந்தான். அது எங்க விதி."

"அதுக்கும் விதி இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் தென்காசியிலிருந்து போன். அம்மா சாமி படத்தைப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

"ஒங்க மவ என்னையத் தொடாதீங்கன்னு சொல்லிட்டா, தெரியுமா?" என்று பிரமநாயகி அம்மாள் தொடங்கினார்.

"சின்னப் பிள்ள, தெரியாம..." என்றாள் அம்மா.

"இருங்க, சொல்லி முடிச்சிக்கிடுதேன். நாங்கள்லாம் எச்சில் பத்து பாக்கோம்னு பேருதான். இவ பாக்கா பாருங்க, அதுதான் பத்து! தொட்டதத் தொடமாட்டேங்கா. ஒவ்வொரு தடவையும் தீயில சுடுதா. மூச்சுக்கூட மேல படக் கூடாதுங்கா. எம் மாமியா போனதுக்கு அப்புறம் என்னைய இப்படி அதட்ட ஒரு ஆளு இல்ல. எங்க வீட்டுல என்னையத் தவிர ஒருத்தருக்கும் சுத்தம்னா என்னன்னு தெரியாது. இவதான் எங்க அடுக்களைக்கு வேணும். அந்த வேலைய அவ விடவே கூடாது, சொல்லிட்டேன். விட்டா கைப்பழக்கம் போயிரும்."

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அப்போது சுடச்சுட ஒரு தோசையை வாயில் வைத்துக்கொண்டு, அதே கையால் சட்னிச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் முடியுதவரைக்கும் அந்த அம்மா கண்ணுல படாமச் சாப்புடு" என்றாள்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், குதிக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் பிரமநாயகி அம்மாள் பார்த்தது ஆய்வுக்கூடத்து வடிவு. வீட்டு வடிவை அவர் பார்க்கவே இல்லை. ஏமாற்றிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அப்புறம் தினமும் மாட்டிக்கொள்ள என்னால் முடியாது. உண்மையைச் சொன்னால் இதுவும் போய்விடலாம். போனால் எனக்கு ரொம்ப வலிக்கும்.

ஆகஸ்ட் 19

இரண்டாவது தடவை எச்சில் கொடுக்க அவர் வந்தார். தனியாக. அதே இளநீலச் சட்டை, இன்று இஸ்திரி போட்டது.

வந்ததும் வராததுமாக, "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அம்மா இப்படி ஒரு கண்டிஷன் போட்டிருந்தாங்கன்னு நேத்துதான் சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம், நான்..." என்று தொடங்கினார். அவர் பேச ஆரம்பித்தால் என்னால் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். கப்பை அவர் கையில் கொடுத்தேன்.

"மொதல்ல கொப்புளிங்க."

விதியை மதிப்பவர். வாயில் விட்டுக்கொண்டார். நான் கடிகாரத்தைத் திருகி வைத்தேன்.

"இப்ப நீங்க பேச முடியாது. நான் சொல்றதக் கேளுங்க. ஒங்க அம்மா பாத்தது இங்க இருக்கிற என்னைய. வீட்டுல நான் இப்படிக் கிடையாது. ஊறுகா ஜாடிக்குள்ள வெரல விடுவேன். சாதக் கரண்டியக் கொழம்புக்குள்ள போடுவேன். எங்க அப்பா மிச்சம் வச்ச காப்பியத் தெனமும் நாந்தான் குடிக்கேன். பத்தெல்லாம் பாக்க எனக்கு வராது, கத்துக்கிடவும் மாட்டேன். இத நானே ஒங்க அம்மாகிட்ட சொல்லுவேன், மறைக்கமாட்டேன். வேலையயும் விடமாட்டேன், அவுக விடச் சொன்னாலும் சரி, விடாதேன்னு சொன்னாலும் சரி. அது என் இஷ்டம்."

கன்னங்கள் உப்பியபடி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது.

"இன்னொண்ணு. ஒங்கள எனக்குப் புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு. ஆடி முழுக்க வேலை செய்யுத மாதிரி வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்கு இதெல்லாம் சம்மதம்னா..."

மணி அடித்தது.

"துப்பலாம்" என்றேன். டப்பாவை நீட்டினேன்.

அவர் துப்பவில்லை. தலையை ஆட்டினார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் எல்லாம் சிவந்து, ஒரு கையால் டப்பாவைத் தள்ளிவிட்டு, இன்னொரு கையால் மேலே சொல்லுங்கள், மேலே சொல்லுங்கள் என்று காட்டினார்.

ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் அந்த எச்சில் ஆராய்ச்சிக்குச் செல்லாது. விதி எனக்குத் தெரியும். கடிகாரத்தை மறுபடி திருகி வைத்துவிட்டு, சொன்னேன்.